மூன்றாம் மாடியின் சராசரி

ஜூன் 3

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக நான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு இன்றோடு ஓராண்டு நிறைகிறது. போட்டியின்றி என்றால், கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று பொருள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில், ஒலிப் பிரிவில், பணிக்காலம் முழுவதும் கழித்தவனுக்கு மடிப்பாக்கத்தில் இருபத்து நான்கு வீடுகளை நிர்வகிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். தொழிற்சாலைக்காரர்கள் பொய் சொன்னாலும் ஒரு வரம்புக்குள் சொல்வார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

இந்த ஆண்டின் முக்கியப் பிரச்சினை மூன்றாம் மாடி, சி வீடு. என் வீட்டுக்கு நேர் மேலே. வாடகைக்கு இருப்பவர் அங்கயற்கண்ணி, மதுரைப் பக்கம், பள்ளியில் பிசிக்ஸ் ஆசிரியை. கணவர் இல்லை. மகன் பாரிக்கு இருபத்து நான்கு வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை, சத்தம் உண்டு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களைவிட இந்தச் சத்தத்தைப் பற்றிய புகார்கள் அதிகமாகிவிட்டன.

மகள் சாருமதி இரண்டாவது பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து அடுத்த மாதம் வருகிறாள். மூத்தவன் தக்ஷித்தும் வருவான். அவனுக்கு இரண்டரை வயது.

"பொண்ணு வர்றதுக்குள்ள மேல் வீட்டுச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணுங்க," என்றாள் மனைவி விசாலம். "ஊர்ல இருக்கிற மில்லையெல்லாம் அடக்கினீங்க. ஒரு பையனை அடக்க முடியலையா."

பரணிலிருந்து டெசிபல் மீட்டரை இறக்கினேன். ஓய்வு பெற்றபோது எல்லோருக்கும் குத்துவிளக்கு கொடுப்பார்கள். நான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 9

ஒரு வாரம் பால்கனியிலிருந்து முறைப்படி அளந்தேன். முடிவுகள்:

ஜெனரேட்டர் ஓடும்போது எண்பத்தாறு டெசிபல். அது பொதுச் சொத்து. ஆகவே இரைச்சலில் சேராது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி அதைவிடவும் அதிகம். அதைப் பற்றி எவரும் புகார் தரவில்லை, தரவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா வீட்டு மிக்ஸிகளும் ஒன்றாக ஓடும்போது பேசவே முடியாது. பாரி இவை எல்லாவற்றுக்கும் கீழே.

தொழில்முறையில் ஒன்றைக் குறித்து வைக்கிறேன். பாரியிடமிருந்து வருவது ஒரே ஒலி அல்ல, இரண்டு. விடியற்காலையில் பால்கனியில் நின்று எழுப்புவது தாழ்ந்தது, சீரானது. தம்பூரா போல நிற்கும். மற்றொன்று சாப்பாட்டுக்குப் பிறகு வருவது. உயர்ந்தது, துண்டு துண்டானது. நடுவில் மூச்சு அறுந்து அறுந்து வாங்கப்படுகிறது. மதியமும் இரவும், தட்டு கழுவும் சத்தம் கேட்டுச் சற்று நேரத்தில் தொடங்கிவிடும். புகார்கள் எல்லாம் இரண்டாவதைப் பற்றியவை. முதலாவது எனக்கே பழகிவிட்டது.

ஜெனரேட்டர் எழுப்பும் ஒலியும் டிரான்ஸ்பார்மர் எழுப்பும் ஒலியும் வேறு வேறு என்று கேட்டவுடன் சொல்லும் காது எனக்கு. இரண்டின் மூலமும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 10

சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டை விசாலம் வெட்ட மறந்துவிட்டாள். நாள் முழுவதும் எதிலும் கவனம் செல்லவில்லை.

ஜூன் 14

மொட்டை மாடியில் அளந்துகொண்டிருந்தபோது பாரி வந்தான். காதில் நீல நிறக் காதுமூடி. மில்களில் தறி ஓட்டுபவர்கள் மாட்டுவார்களே, அது. என்னைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தான். எண் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு தன் காலை ஒலியை எழுப்பினான். எண் அறுபத்து நான்குக்கு வந்து நின்றது. நின்றே இருந்தது. எங்கள் துறையில் கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த சாதனம்கூட இவ்வளவு நேர்மையாக ஒலித்ததில்லை. அவன் சிரித்தான். நான் சிரித்ததாக விசாலம் சொல்கிறாள்; அவள் துணி உலர்த்த வந்திருந்தாள். கருவியில் தலையிடும் முயற்சி என்றே நான் பதிவு செய்கிறேன்.

மதியம் மறுபடி வந்தான். சாப்பிட்டிருப்பான் போல, கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. உடம்பை முன்பக்கம் மடித்து நடந்து வந்தான். என் கையை மீட்டரோடு சேர்த்துப் பிடித்து, தன் மேல்வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பார்கள்.

ஒலிவாங்கி துணியில் உரசக்கூடாது என்பது அடிப்படை விதி. அவனுக்கு அது தெரிய நியாயமில்லை. அந்த அளவு கெட்டுவிட்டது, நீக்கிவிட்டேன்.

ஜூன் 21

சங்கக் கூட்டம். பொருள்: மூன்றாம் மாடி ஒலி. இவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் கூட்டத்துக்கு இதில் பாதி வந்திருந்தால் தொட்டி கழுவப்பட்டிருக்கும்.

எல்லோரும் அன்பானவர்கள். அன்பில்லாதவர் ஒருவர்கூட இல்லை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒட்டகப்பால் நல்லது என்றார். ஏ பிளாக் அம்மாள், இது முற்பிறவியின் கணக்கு, ஒரு பரிகாரம் இருக்கிறது என்றார். கோதுமையை நிறுத்தினால் ஆறு மாதத்தில் பேசிவிடுவான் என்றார் ஒருவர். அவர் கோதுமை ஏஜென்சி நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. ஏலகிரிப் பக்கம் ஒரு விடுதி இருக்கிறது, காற்றோட்டமாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னபோது அங்கயற்கண்ணி எழுந்தார்.

"காத்து இங்கயும் வருது சார்," என்றார். "எம் மகன் சத்தம் போடுறான், இல்லைங்கல. ஆனா முன்னாடி போட்டது வேற, இப்ப ரெண்டு மாசமா போடுறது வேற. இது வலிச் சத்தம். வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளுறான். மூணு ஆஸ்பத்திரி போயிட்டேன். வாசல்லயே பாத்துட்டு, ஆட்டிசம்னா இப்படித்தாம்மா இருக்கும்னு அனுப்புறாங்க. ஒருத்தரும் வயித்தத் தொட்டுப் பாக்கல."

பொருளாளர் பார்த்திபன் மிகவும் மென்மையாகப் பேசுகிறவர். "மேடம், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. நம்ம சகலை டாக்டர் சபேசன் மனநல டாக்டர்தான். இங்கயே வந்து பாக்கச் சொல்றேன். உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல. சங்கமே பாத்துக்கும்."

பிறகு என்னைப் பார்த்து, "சார், உங்க ரீடிங் என்ன சொல்லுது," என்றார்.

இரண்டு வகை ஒலி, அவற்றின் நேரம், மூச்சின் இடைவெளி எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாம் வரியிலேயே சிலர் செல்போனை எடுத்துவிட்டார்கள். பொதுமக்களுக்கு ஒரே எண்தான் வேண்டும் என்பதைத் துறையில் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துச் சொன்னேன்: எழுபது. குடியிருப்புப் பகுதிக்கு விதி அனுமதிப்பது ஐம்பத்தைந்து.

எழுபது என்றதும் கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது.

தீர்மானம்: பாரி மருத்துவச் சிகிச்சையில் இருக்க வேண்டும், ஒலி குறைய வேண்டும், அதுவரை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கச் சங்கம் ஆட்சேபணையின்மைக் கடிதம் தராது. வீட்டு உரிமையாளர் மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தினார். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கில்லை.

படியில் அங்கயற்கண்ணி என்னிடம், "இது எங்களுக்கு மூணாவது வீடு சார்," என்றார்.

ஜூன் 28

டாக்டர் சபேசன் பார்த்திபன் வீட்டில் மதிய உணவு முடித்துச் சங்க அறைக்கு வந்தார். அறையின் டியூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லி ஒரு வருடமாகிறது. பாரி காதுமூடியோடு, கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர், என்னிடம்.

"அளவு எழுபது டாக்டர்."

"ஆவரேஜா?"

"ஆவரேஜ்."

எழுதிக்கொண்டார். அங்கயற்கண்ணி குறுக்கிட்டார். "டாக்டர், சாப்பிட்டாத்தான் அதிகமாகுதுன்னு எனக்குத் தோணுது. பகல்ல நான் ஸ்கூல்ல இருக்கேன், பாத்துக்கிற பொண்ணு சரியா சொல்ல மாட்டேங்குது. வயித்த ஒரு தடவ அமுக்கிப் பாருங்களேன்."

"தொட விடமாட்டான்மா."

"நான் பிடிச்சுக்கிறேன்."

"இதெல்லாம் பிஹேவியர்மா. எத்தனை கேஸ் பாத்திருக்கேன். ஆளு அமைதியானா எல்லாம் அமைதியாயிடும்." என் பக்கம் திரும்பி, "சாப்பாட்டுக்கும் சத்தத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா சார்? நீங்கதானே அளந்தீங்க," என்றார்.

இதற்குத் தயாராக வரவில்லை. தீர்மானத்தில் இருப்பது ஒரே எண். ஒரு கூட்டத்தில் சமர்ப்பித்த எண்ணை அடுத்த வாரமே பிரித்துப் பேசினால் அந்தத் தீர்மானத்தின் கதி என்ன? "நாள் முழுக்க இருக்கு டாக்டர்," என்றேன். சராசரிக்கு அதுதான் பொருள். பொய் அல்ல.

டாக்டர் பாரியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதில் வராது என்று தெரிந்த இடத்தில் கேள்வி கேட்பது கால விரயம். இரண்டு மாத்திரைகள், காலையும் இரவும்.

ஜூலை 6

ஒரு வாரமாக மூன்றாம் மாடியில் ஒலி இல்லை. விடியற்காலை ஒலியும் இல்லை. நாற்பத்தைந்து. நூலக அளவு.

பார்த்திபன் எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தார், சி வீட்டுக்கும். அங்கயற்கண்ணி டப்பாவைக் கழுவித் திருப்பினார். காலிப் பாத்திரம் தரக்கூடாது என்று உள்ளே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தார்.

ஜூலை 8

ஏனோ விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. எதற்காக என்று தெரியாமல் படுத்திருக்கிறேன்.

ஜூலை 15

சாருமதியும் தக்ஷித்தும் வந்துவிட்டார்கள். பேரன் அறிவாளி. வந்த அன்றே துணி மாட்டும் கிளிப்புகளை எல்லாம் எடுத்து ஜன்னல் விளிம்பில் நிறம் நிறமாக வரிசை வைத்தான். நான் ஒன்றை இடம் மாற்றிப் பார்த்தேன். திரும்ப வந்து சரியாக வைத்தான். மூன்று முறை. அந்த ஒழுங்கு எங்கள் குடும்பத்துடையது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறானே," என்றாள் விசாலம்.

"டே-கேர்லயும் அதைத்தான்..." என்று ஆரம்பித்த சாருமதி, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

காதைச் சோதித்தேன். அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கினாலே திரும்புகிறான். காது பிரமாதம். எனக்கும் ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இணைத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். இதை இருவருக்கும் விளக்கிச் சொன்னேன்.

ஜூலை 24

அங்கயற்கண்ணி வந்தார். மெலிந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசினார்.

"சார், குரோம்பேட்டையில ஒரு வயித்து டாக்டர் கெடச்சிருக்காரு. சின்ன வயசுதான். பாரியத் தொட்டுப் பாத்தாரு. வயிறு இறுக்கமா இருக்கு, குழாய் விட்டுப் பாக்கணும், அதுக்கு மயக்க மருந்து கொடுக்கணும்ங்கிறாரு. ஆனா மயக்க டாக்டர், இவனுக்கு மயக்கம் குடுக்குறது ரிஸ்க், காரணம் இல்லாம செய்யமாட்டேங்கிறாராம். அதனால சாப்பிடுறதுக்கு முன்னாடி வலிக்குதா பின்னாடியா, எவ்வளவு நேரம், அதச் சொன்னா போதும், நான் பேசி வாங்குறேன்னு சொல்றாரு. இப்ப மாத்திரையில அவன் சத்தமே போடல. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க ஒரு வாரம் அளந்தீங்கல்ல. அதுல நேரம் இருக்கும்ல சார்."

"பழைய மெஷின் மேடம். மெமரில இருக்கான்னு பாக்கணும்."

"பாத்துச் சொல்லுங்க சார். அவசரம்."

அவர் போகும்போது, வரிசையாக நின்ற கிளிப்புகளையும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த தக்ஷித்தையும் சற்று நேரம் பார்த்தார். அவனைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் கீழே கிடந்த ஒரு பச்சைக் கிளிப்பை எடுத்து, பச்சை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போனார். அவன் அதை மாற்றவில்லை.

ஜூலை 25

மெமரியில் எல்லாம் இருக்கிறது. மிகத் தெளிவாக. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின்னால் ஒரு மலை.

சாருமதி இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

ஜூலை 27

தரவை அப்படியே தூக்கிக் கொடுப்பது முறையல்ல. சங்கத்துக்காக எடுத்த அளவு, சங்கத்தின் சொத்து. ஒரு முகப்புக் கடிதம் வேண்டும். "முன்பு தெரிவித்த சராசரிக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை" என்ற வரியை எழுதுவதில் சிரமம் இருக்கிறது. மூன்றாவது வரைவு.

ஜூலை 30

லிஃப்ட் வாசலில் அங்கயற்கண்ணி நின்றிருந்தார். படியில் இறங்கினேன். முழங்காலுக்கு நல்லது.

ஆகஸ்ட் 2

மாலையில் மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் தக்ஷித் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தான். நீளமாக ஓர் ஒலி எழுப்பினான். சாருமதி தூக்க முயன்றாள், முடியவில்லை. எல்லா ஜன்னல்களையும் மூடினேன். விசாலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலிருந்து ஏதோ கேட்டது. மிகவும் பலவீனமானது, நடுவில் அறுந்தது, மறுபடி வந்தது. தாழ்ந்த, சீரான ஒலி. தக்ஷித் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான். ஜெனரேட்டர் நிற்கும் வரை அப்படியே படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டடத்தின் எதிரொலியாக இருக்கலாம். நான் மீட்டரை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5

முகப்புக் கடிதம் தயார். விதிப்படி பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். பார்த்திபன் கும்பகோணம் போயிருக்கிறார், மைத்துனர் வீட்டு விசேஷம். ஞாயிறு வருவார்.

ஆகஸ்ட் 9

ஞாயிறு. பார்த்திபன் காலையில் வந்தார். கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

உறையை எடுத்துக்கொண்டு படியேறினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையாது என்பதால் படி வழியாக. சுவரோடு ஒட்டி வழிவிட்டேன். பாரியின் வயிறு பலகை போல இறுகி உயர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. சத்தம் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. அப்போதும் சத்தம் இல்லை. பின்னால் அங்கயற்கண்ணி, கையில் நீலக் காதுமூடி.

உறை என் கையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் கொடுப்பது பொருத்தமாக இருந்திருக்காது.

ஆகஸ்ட் 12

பாரி காலையில் இறந்துவிட்டான். இரைப்பையில் நாள்பட்ட புண். ஓட்டை விழுந்து விஷம் உள்ளே பரவிவிட்டதாம். மருத்துவமனைக்குப் போய் வந்த பார்த்திபன் சொன்னார்.

"டியூட்டி டாக்டர் கேக்கறாரு சார், இவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு ஒரு ஆளு கத்தாம எப்படி இருந்தான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது."

நானும் இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 16

சங்க அறையில் இரங்கல் கூட்டம். ஒட்டகப்பால்காரர் அழுதார், உண்மையான அழுகை. பாரி எல்லோருக்கும் பிரியமான பிள்ளை என்று தீர்மானத்தில் எழுதினோம். எதிர்ப்பின்றி நிறைவேறியது. அங்கயற்கண்ணி வரவில்லை.

பிறகு மௌன அஞ்சலி. இரண்டு நிமிடம். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். மீட்டர் என் பையில் இருந்தது, பழக்கம். ஒரு கண்ணால் பார்த்தேன். முப்பத்தெட்டு. இந்தக் கட்டடத்தில் நான் கண்ட மிகக் குறைந்த அளவு.

முதல் நிமிடம் முடியும்போது எண் ஏறியது. இரண்டாம் மாடியிலிருந்து, என் வீட்டு ஜன்னலிலிருந்து, நீளமாக, உயர்ந்து, ஓர் ஒலி. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. மேலே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஜெனரேட்டர்," என்றேன். "ட்ரையல் போடச் சொல்லியிருந்தேன்."

கரண்ட் இருந்தது. ஜெனரேட்டர் எங்கள் முன்னாலேயே, திறந்த கதவுக்கு வெளியே, அசையாமல் நின்றது.

கலைந்து போகும்போது பார்த்திபன் என் தோளில் கை வைத்தார். அவர் கை எப்போதும் மென்மையானது. "சார், சகலை திங்கக்கிழமை இந்தப் பக்கம் வர்றாரு. ஒரு எட்டு பாத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"எதை?"

"ஜெனரேட்டரைத்தான் சார்," என்றார்.

ஆகஸ்ட் 17

பெங்களூரில் இருப்பதாகப் பார்த்திபனுக்குச் செய்தி அனுப்பினேன். நாள் முழுவதும் விளக்குப் போடாமல் வீட்டுக்குள் இருந்தோம்.

ஆகஸ்ட் 30

சி வீட்டுச் சாமான்களை டெம்போவில் ஏற்றினார்கள். அங்கயற்கண்ணி சாவியைக் கொடுக்க வந்தார். செயலாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

"அந்த டாக்டரு எழுதின சீட்டுல எழுபதுன்னு ஒரே ஒரு நம்பர் இருக்கு சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கேட்பதுபோல இருந்தது. "ஒரு வாரம் அளந்து ஒரு நம்பர்தான் கெடச்சுதா?"

"சுருக்கம்னா அப்படித்தான் மேடம்."

"நான் பிசிக்ஸ் டீச்சர் சார். ரெண்டு வேற வேற பொருளோட ரீடிங்கச் சேத்து ஆவரேஜ் எடுத்தா ஒம்பதாங் கிளாஸ்லயே முட்டை போடுவேன்."

நான் சாவியை எண்ணினேன். எல்லாம் இருந்தன.

அவர் போன பிறகு கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு துணிப்பை. உள்ளே நீலக் காதுமூடி. துடைத்து, பட்டையில் புது ரப்பர் போட்டிருந்தது. சீட்டு எதுவும் இல்லை. தவறுதலாக விட்டுப் போயிருப்பார். புது முகவரி தெரிந்ததும் அனுப்பிவிட வேண்டும்.

செப்டம்பர் 3

மேசை இழுப்பறையில் இருந்த உறையைக் கிழித்துவிட்டேன். முகப்புக் கடிதத்தை மட்டும். அளவுகளைக் கிழிக்க முடியவில்லை.

செப்டம்பர் 6

ஜெனரேட்டர் காலையில் ஒரு முறை ஓடியது. சாப்பாட்டுக்கு முன்னால். தாழ்ந்தது, சீரானது. பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாலையில் ஒரு முறை. குக்கர் விசில் அடித்தவுடன். உயர்ந்தது. விசாலத்திடம் குக்கரைப் பின்பக்கம் வைக்கச் சொன்னேன். நின்றுவிட்டது.

இந்த இரண்டையும் சேர்க்கக்கூடாது.

செப்டம்பர் 9

வாட்ஸ்அப் குழுவில் ஏ பிளாக் அம்மாள்: "இரண்டாம் மாடியில் இருந்து தினமும் சத்தம் வருகிறது. செயலாளர் கவனிக்கவும்." கீழே பதினொரு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்க்க வேண்டியது என் கடமை. அந்த விதியை எழுதியவனும் நானே.

மீட்டர் பழுது என்று பதில் அனுப்பினேன்.

செப்டம்பர் 12

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அழுகை நன்றாக இருக்கிறது என்றார் நர்ஸ். எத்தனை நாளுக்கு நன்றாக இருக்கும் என்று விசாலம் என் காதில் கேட்டாள்.

செப்டம்பர் 14

பார்த்திபன் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. பிறகு செய்தி அனுப்பினார்: ஞாயிறு கூட்டம்; சகலையும் வருகிறார்; எல்லோருக்கும் அக்கறை; ஒரு பைசா செலவு இல்லை.

நேற்றிரவு முதல் ஜெனரேட்டர் வலது காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. காலையில் சாப்பிடவில்லை. நானும் விசாலமும் தூக்கிக்கொண்டு, சந்தடி இல்லாத நேரமாகப் பார்த்து, பல்லாவரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனோம். தொட விடமாட்டான் என்றார். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெயரையும் வேறு எதையும் முதலில் சொல்லவில்லை. காது வலி என்று மட்டும் சொன்னேன். நேரங்களை எழுதிக் கொண்டுபோயிருந்தேன், தனித்தனியாக. உள்ளே சீழ் இருந்தது. மருந்து கொடுத்தார்.

மதியம் ஜெனரேட்டர் என் மடியில் படுத்துத் தூங்கியது. தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கி போட்டார்கள். எழுந்துவிடுமோ என்று துணிப்பையிலிருந்து நீலக் காதுமூடியை எடுத்தேன். வலி தெரியாதபடி வலது பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்து, பட்டையைக் கடைசி ஓட்டை வரை இறுக்கினால், அளவு சரியாக இருக்கிறது.